மைனஸ் 0.76-இன் குறியை மாற்றாதீர்கள்

தண்டையார்பேட்டையில் மாலை நேரங்களில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மின்வேதியியல் பாடம் தொடங்கினாலே வகுப்பில் ஒரு சோர்வு வந்து உட்கார்ந்துவிடும். இத்தனைக்கும் அதில் வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் வெறும் கழித்தல்தான். எதிலிருந்து எதைக் கழிப்பது, எப்போது குறியை மாற்றுவது, எப்போது இரண்டால் பெருக்குவது என்று ஆளுக்கொரு குறுக்குவழி கேட்டு வந்திருப்பார்கள். எல்லாம் சேர்ந்து குழப்பும்.

"மிஸ், ஆனோடு குறியை மாத்திட்டுக் கூட்டணுமா, மாத்தாம கழிக்கணுமா?" வருடா வருடம் வரும் கேள்வி இது. மின்கலத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கும் முனை ஆனோடு, வாங்கும் முனை கேத்தோடு. இரண்டில் எதைச் செய்தாலும் விடை ஒன்றுதான். குறியையும் மாற்றிவிட்டு, அப்புறம் கழிக்கவும் செய்தால்தான் வம்பு. அவசரத்தில் பிள்ளைகள் செய்வது அதைத்தான். துத்தநாகமும் செம்பும் சேர்ந்த டேனியல் மின்கலத்துக்கு 1.10 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மைனஸ் 0.42 என்று எழுதி வைத்திருப்பார்கள்.

அதனால் என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம். திட்ட ஒடுக்க மின்னழுத்த அட்டவணையில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத் தொடக்கூடாது. ஒடுக்கம் என்றால் எலக்ட்ரானை வாங்குவது. துத்தநாகத்துக்கு −0.76 என்றால் அது கடைசி வரி வரைக்கும் −0.76-தான். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் என்பது துத்தநாக அயனி, துத்தநாக உலோகம் என்ற அந்த இணையின் குணம். துத்தநாகம் இந்தக் கணக்கில் எலக்ட்ரானைக் கொடுக்கிறதா வாங்குகிறதா என்பதைப் பார்த்து அந்த எண் மாறுவதில்லை. கேத்தோடின் எண்ணிலிருந்து ஆனோடின் எண்ணைக் கழியுங்கள். அவ்வளவுதான்.

சரி, அந்த எண் எதை அளக்கிறது? ராயபுரம் ரயில் நிலையத்தைச் சொல்லித்தான் இதை ஆரம்பிப்பேன். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம் என்பதால் பிள்ளைகளுக்கு அந்த நிலையத்தின் மேல் ஒரு பெருமை உண்டு. எந்த ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். கடல் மட்டம் பூஜ்யம் என்பது நாமாக வைத்துக்கொண்டது. வேறு எதையாவது பூஜ்யமாக வைத்திருந்தால் எல்லாப் பலகையிலும் எண் மாறியிருக்கும். ஆனால் ராயபுரத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் துளியும் மாறாது. ஹைட்ரஜன் மின்முனைக்குப் பூஜ்யம் கொடுத்திருப்பதும் இப்படித்தான். 25 டிகிரி செல்சியஸ், 1 மோலார் செறிவு, வாயு என்றால் ஏறக்குறைய 1 வளிமண்டல அழுத்தம் என்று நிபந்தனைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இணையையும் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டு எழுதிய பட்டியல் அது. தனி எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். குறியை மாற்றுவது எவ்வளவு வேண்டாத வேலை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அரக்கோணத்திலிருந்து திரும்பி வருகிறோம் என்பதற்காக யாரும் பலகையில் மைனஸ் போட்டு எழுத மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அல்லிக்குளம் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது. மிகப் பழைய அமெரிக்கப் புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால், அதில் துத்தநாகத்துக்கு +0.76 என்று இருக்கக்கூடும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தை, அதாவது எலக்ட்ரானைக் கொடுக்கும் திசையின் எண்ணை, பட்டியல் போட்டிருந்தார்கள். 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடித்தான் ஒடுக்கத்தின் திசையிலேயே எழுதுவது என்று உலக வேதியியலாளர்கள் முடிவு செய்தார்கள். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் துத்தநாகத்தைத் தேடுங்கள். அதன் முன்னால் மைனஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இனி கணக்கு போடும் முறைக்கு வருகிறேன். ஃப்ளூரின் +2.87-உடன் உச்சியில், லித்தியம் −3.04-உடன் அடியில் வரும்படி அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் எலக்ட்ரானை வாங்கக்கூடியது, வலப்பக்கம் கொடுக்கக்கூடியது. மேல்வரியின் இடப்பக்கமும் கீழ்வரியின் வலப்பக்கமும் சந்தித்தால் வினை நடக்கும். மற்ற ஜோடிகள் சந்தித்தால் தானாக ஒன்றும் நடக்காது. பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாத்திரத்துக்குள் உண்மையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுத வேண்டும். உலோகமா, அயனியா, எந்த ஆக்சிஜனேற்ற நிலை, தண்ணீர் இருக்கிறதா, அமிலம் இருக்கிறதா, காற்று படுகிறதா. இந்தப் பட்டியலை எழுதாமல் நேராக எண்ணைக் கழிக்கப் போவதால்தான் முக்கால்வாசி விடைகள் தடம் புரள்கின்றன.

இதற்குச் சௌகார்பேட்டை வெள்ளிப் பட்டறையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பழைய கொலுசு, உடைந்த அரைஞாண், விளக்குத் துண்டு எல்லாம் அங்கே உருகப் போகும். அதில் செம்பு கலந்திருக்கும், சில சமயம் ஒட்டுத் தங்கமும் இருக்கும். நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் பழுப்புப் புகை கிளம்பி வெள்ளியும் செம்பும் கரைந்துவிடும். தங்கம் அடியில் அப்படியே கிடக்கும். ஏன்? அட்டவணையில் நைட்ரேட் அமிலக் கரைசலில் நைட்ரிக் ஆக்சைடாக ஒடுங்கும் வரி +0.96. வெள்ளி +0.80, செம்பு +0.34. இரண்டும் நைட்ரேட்டுக்குக் கீழே இருக்கின்றன, அதனால் கொடுத்துவிடுகின்றன. தங்கம் +1.50-இல், நைட்ரேட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனிடமிருந்து எலக்ட்ரானை வாங்க நைட்ரேட்டால் முடியாது.

அதே அமிலத்தோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்து இராஜதிராவகம் ஆக்கினால் மட்டும் தங்கம் எப்படிக் கரைகிறது? குளோரைடு, தங்க அயனியைச் சுற்றி நான்காகச் சேர்ந்து அணைத்துக்கொள்கிறது. இப்போது பாத்திரத்தில் இருப்பது வெறும் தங்க அயனி இல்லை, அணைவு அயனி. அதற்கு அட்டவணையில் தனி வரி உண்டு, +1.00. ஒரே தாவலில் அரை வோல்ட் கீழே இறங்கிவிட்டது. அமிலமும் அடர்ந்தது என்பதால் நைட்ரேட்டின் 0.96-உம் மேலே ஏறும். பிறகு தடுக்க ஆள் இல்லை. யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை முதலில் எழுதச் சொன்னேனே, அதன் அருமை இங்கேதான் தெரியும்.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெள்ளி கரைந்த அந்தக் கரைசலில் செம்புத் தகட்டைத் தொங்கவிடுவார்கள். முதலில் தகடு கறுக்கும். கொஞ்ச நேரத்தில் அதன் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போலப் பூத்து, குலுக்கினால் உதிர்ந்து அடியில் படியும். அதுதான் வெள்ளி. கரைசல் நீலமாகிக்கொண்டே போகும். அது கரைந்து போகும் செம்பு. கணக்கு: வெள்ளி மேலே, 0.80. செம்பு கீழே, 0.34. வித்தியாசம் 0.46 வோல்ட்.

இங்கே ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு வெள்ளி அயனி தேவை. உடனே சில பிள்ளைகள் 0.80-ஐ இரண்டால் பெருக்கி 1.60 என்று எழுதி, 1.26 வோல்ட் என்று விடை சொல்வார்கள். மறுபடி ரயிலுக்குத்தான் போக வேண்டும். எட்டுப் பெட்டி போட்டாலும் பதினாறு பெட்டி போட்டாலும் அரக்கோணத்தின் உயரம் மாறுமா? மாறாது. மேலே இழுத்துப் போக எஞ்சினுக்கு ஆகும் ஆற்றல்தான் இரண்டு மடங்காகும். மின்னழுத்தம் என்பது உயரம், எத்தனை எலக்ட்ரான் என்பது பெட்டிகள். இரண்டும் சேரும் இடம் ஆற்றல். வினையிலிருந்து வேலைக்குக் கிடைக்கும் ஆற்றலைச் சொல்லும் கட்டிலா ஆற்றல் மாற்றம் என்பது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, ஃபாரடே மாறிலி 96,500, மின்கல அழுத்தம் மூன்றின் பெருக்கலுக்கு முன்னால் ஒரு மைனஸ். வெள்ளிப் பட்டறைக் கணக்கில் −2 × 96,500 × 0.46, அதாவது மோலுக்கு ஏறக்குறைய மைனஸ் 89 கிலோஜூல்.

அதோடு நிறுத்தாதீர்கள். வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்று சொல்லும் சமநிலை மாறிலியைக் கண்டுபிடியுங்கள். அதன் மடக்கை 2 × 0.46 ÷ 0.0591, அதாவது 15.6. மாறிலி ஏறக்குறைய 4 × 10¹⁵. இந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவது பெரும் நஷ்டம். அது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வினை முடிந்த பிறகு கரைசலில் செம்பு அயனி 1 மோலார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி அயனியின் செறிவின் இருமடி, 1-ஐ 4 × 10¹⁵-ஆல் வகுத்தால் வருவது. வர்க்கமூலம் எடுத்தால் லிட்டருக்கு 1.6 × 10⁻⁸ மோல். வெள்ளியின் அணு எடை 108. ஆக ஒரு லிட்டரில் மிச்சம் இருப்பது 2 மைக்ரோகிராமுக்கும் குறைவு. வெள்ளி முழுக்க இறங்கிவிட்டது என்று பட்டறைக்காரர் நம்பித் தண்ணீரை வடிக்கிறாரே, அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நிற்பது 0.46 என்ற ஒரு சின்ன எண். எனக்கு இந்தக் கணக்கைப் போடும் ஒவ்வொரு முறையும் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

உயரமும் பெட்டியும் பிரிந்துவிட்டால் இன்னொரு பொறியிலிருந்தும் தப்பலாம். இரும்பு மூன்று அயனியிலிருந்து இரும்பு இரண்டுக்கு +0.77. இரும்பு இரண்டிலிருந்து உலோகத்துக்கு −0.44. அப்படியானால் இரும்பு மூன்றிலிருந்து நேரே உலோகத்துக்கு எவ்வளவு? நீட் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் கேள்வி. கூட்டி 0.33 என்று எழுதினால் போச்சு. முதல் படியில் ஒரு எலக்ட்ரான், இரண்டாவது படியில் இரண்டு. ஆற்றலைத்தான் கூட்ட முடியும். 1 × 0.77, அதோடு 2 × (−0.44). கூட்டினால் −0.11. மொத்தம் மூன்று எலக்ட்ரான், எனவே மூன்றால் வகுக்க வேண்டும். விடை −0.04 வோல்ட். 0.33-க்கும் இதற்கும் குறியே வேறு. அப்படியானால் மின்கலக் கணக்கில் மட்டும் ஏன் நேரடியாகக் கழிக்கிறோம்? அங்கே கொடுத்த எலக்ட்ரானும் வாங்கிய எலக்ட்ரானும் ஒரே எண்ணிக்கை, வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. அவ்வளவே.

செய்முறைத் தேர்வில் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வியும் இந்த அட்டவணைக்குள்தான் இருக்கிறது. இரும்பு இரண்டு அயனி உள்ள மோர் உப்பு (Mohr's salt) கரைசலில் பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்க்கும்போது ஏன் நீர்த்த கந்தக அமிலம்? ஏன் ஹைட்ரோகுளோரிக் கூடாது, நைட்ரிக் கூடாது? பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நான் நான்கு வரிகளை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். பெர்மாங்கனேட் 1.51. குளோரின் 1.36. நைட்ரேட் 0.96. இரும்பு மூன்று 0.77. பெர்மாங்கனேட் குளோரைடுக்கு மேலே நிற்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் இரும்போடு சேர்த்துக் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்ய முடியும், பியூரெட் அளவு கூடும். நைட்ரேட் இரும்புக்கு மேலே நிற்கிறது. பெர்மாங்கனேட்டுக்கு முன்பாகவே அது கொஞ்சம் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிட வாய்ப்பு உண்டு, பியூரெட் அளவு குறையும். நீர்த்த கந்தக அமிலத்தின் சல்பேட், சல்ஃபர் டை ஆக்சைடாக ஒடுங்கும் வரி 0.17-இல், இரும்புக்கு வெகு கீழே. அதனால் இரும்பைத் தொட முடியாது. கந்தகம் ஏற்கெனவே தன் உச்ச நிலையில் இருப்பதால் பெர்மாங்கனேட்டும் அதைத் தொடாது. இவ்வளவையும் பலகையைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இனி காசிமேடு. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மீன்பிடித் துறைமுகத்துக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். இரும்பு உடல் கொண்ட விசைப்படகின் அடியில், சுக்கானுக்கும் புரொப்பெல்லருக்கும் பக்கத்தில், துத்தநாகக் கட்டிகளை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிக்கும்போது பார்த்தால், கட்டி வெள்ளை பூத்து, ஓரமெல்லாம் கரைந்து, போல்ட்டைச் சுற்றி மெலிந்து போயிருக்கும். பக்கத்தில் இரும்பு நன்றாக இருக்கும். கட்டியைப் புதிதாக மாற்றுகிறவர்கள் ஒன்றில் மிகக் கவனமாக இருப்பார்கள். அதன் மேல் பெயிண்ட் படக்கூடாது. பட்டால் கடல்நீர் துத்தநாகத்தைத் தொடாது, போட்டும் பயனில்லை.

"இரும்பு −0.44, துத்தநாகம் −0.76, கீழே இருப்பது கொடுக்கும்" என்பது வரைக்கும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். வாங்குவது யார் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். புரொப்பெல்லர் வெண்கலம் என்பதால் செம்பு வாங்குகிறது என்று சொல்லி 0.34-ஐ எடுத்து 0.78 வோல்ட் என்று கணக்கு போடுவார்கள். பாத்திரத்தில் யார் இருக்கிறார்கள்? வெண்கலத்தில் இருப்பது செம்பு உலோகம். வாங்கக்கூடியது செம்பு அயனி, அது கடலில் சொல்லும்படி இல்லை. கடலில் தாராளமாக இருப்பது காற்றிலிருந்து கரைந்த ஆக்சிஜன். வெண்கலப் பரப்பில் ஆக்சிஜன்தான் எலக்ட்ரானை வாங்குகிறது, செம்பு அதற்கு இடம் கொடுக்கிறது.

சரி, ஆக்சிஜனுக்கு எந்த எண்? அட்டவணையில் இரண்டு வரி இருக்கும். அமிலத்தில் +1.23, காரத்தில் +0.40. இவை வேறு வேறு வினைகள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வினைதான், பி.எச். மட்டும் பூஜ்யத்திலிருந்து 14-க்கு நகர்ந்திருக்கிறது. செறிவு மாறினால் மின்னழுத்தம் எவ்வளவு மாறும் என்று சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின்படி ஒரு பி.எச். அலகுக்கு 0.059 வோல்ட் இறங்கும். 14 × 0.059 என்பது 0.83. 1.23-லிருந்து கழியுங்கள், 0.40 வந்து நிற்கும். கடல்நீரின் பி.எச். சுமார் 8.1. ஆகவே அங்கே ஆக்சிஜனின் இடம் ஏறக்குறைய 0.75. இரும்பு அதற்குக் கீழே 1.19 வோல்ட் தள்ளி இருக்கிறது, துத்தநாகம் 1.51 வோல்ட் தள்ளி இருக்கிறது. இரும்பும் துத்தநாகமும் உலோகத்தோடு உலோகமாக இணைந்திருக்கும்போது ஆக்சிஜனுக்குத் தேவையான எலக்ட்ரானைத் துத்தநாகமே தந்துவிடுகிறது. கடலில் அயனிச் செறிவு 1 மோலார் இல்லை, எங்கள் ஊர்த் தண்ணீர் 25 டிகிரியிலும் இருப்பதில்லை. எனவே மீட்டர் வைத்து அளந்தால் இதே எண்கள் வராது. ஆனால் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை இங்கே மாறவில்லை.

இந்த உபாயம் இருநூறு ஆண்டு பழையது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்தியிருந்த செம்புத் தகடு அரிபடாமல் இருக்க, இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றுவிட்டது. ஆனால் அதுவரை கரைந்துகொண்டிருந்த செம்பு அயனி நஞ்சாக இருந்துதான் கொட்டலசையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் கப்பலின் அடி முழுக்க அவை ஒட்டிக்கொண்டன, வேகம் குறைந்தது, கடற்படை அந்தத் திட்டத்தையே கைவிட்டது. மின்வேதியியல் கணக்கு நூற்றுக்கு நூறு சரி, கப்பல் மட்டும் ஓடவில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் விடாமல் சொல்கிறேன்.

அட்டவணை எதைச் சொல்லாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு வினை தானாக நடக்கக்கூடியதா என்று அது சொல்லும். எவ்வளவு வேகமாக என்று சொல்லாது. பெர்மாங்கனேட் 1.51, ஆக்சிஜன் 1.23. கணக்குப்படி அமிலக் கரைசலில் பெர்மாங்கனேட் தண்ணீரையே ஆக்சிஜனாக்க வேண்டும். ஆனால் ஆய்வகத்து பாட்டிலில் அது ஊதா நிறம் மாறாமல் நாள்கணக்கில் இருக்கிறது, அந்த வினை அவ்வளவு மெதுவானது. உப்புக் கரைசலை மின்னாற்பகுக்கும்போதும் இதே சங்கதி. எளிதாக வரவேண்டியது ஆக்சிஜன், வருவது குளோரின். ஆக்சிஜன் வெளியேறக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கிறது, குளோரின் அவ்வளவு கேட்பதில்லை.

படகுக்கார வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், மெக்னீசியம் −2.37, அலுமினியம் −1.66. ரெண்டுமே ஜிங்க்குக்குக் கீழதான இருக்கு. அதுங்களை மாட்டலாமே?" நல்ல கேள்வி. மெக்னீசியத்தைக் கடல்நீரில் போட்டால் தேவைக்கு மேல் வேகமாகக் கரைந்து தீர்ந்துவிடும். உப்பு குறைந்த தண்ணீரிலும் மண்ணுக்குள் போகும் குழாய்களிலும் அது நன்றாக வேலை செய்யும். அலுமினியம் தன் மேல் ஒரு ஆக்சைடு படலத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அட்டவணையில் எவ்வளவு கீழே இருந்தாலும் எலக்ட்ரானை விடாமல் உட்கார்ந்துவிடும். அதோடு துத்தநாகமும் துளி இண்டியமும் கலந்தால் அந்தப் படலம் நிலைக்காது. அந்தக் கலவையில் செய்த கட்டிகள் கப்பல்களிலும் கடல் எண்ணெய்த் தளங்களிலும் இன்று நிறையப் பயன்படுகின்றன. துத்தநாகத்தை விட்டு அதற்கு ஏன் போகிறார்கள் என்பதை அவளுக்கே வீட்டுக்கணக்காகக் கொடுத்தேன். அலுமினியம் 27 கிராமுக்கு மூன்று எலக்ட்ரான், துத்தநாகம் 65 கிராமுக்கு இரண்டு. ஒரு கிலோவுக்கு எவ்வளவு மின்னூட்டம் என்று கண்டுபிடிக்க வேண்டும். மறுநாள் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தாள்: அலுமினியத்துக்கு ஏறக்குறைய 2,980 ஆம்பியர்-மணி, துத்தநாகத்துக்கு 820.